மறைக்கப்பட்ட பெயரைத் தேடி

முன்னோரின் பெயரைத் தேடித் திரிவது வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று சொல்வோர் உண்டு. ஸ்காட்லாந்தின் மெக்ரெகர் குடும்பப் பெயரின் வரலாற்றைப் படித்த நாங்கள் அதை ஏற்பதற்கில்லை.

'மெக்' என்றால் கேலிக் மொழியில் மகன், மகளுக்கு 'நிக்'. கிரெகரின் வழித்தோன்றல்களே மெக்ரெகர் குலத்தார். 1603 பிப்ரவரியில் கிளென் ஃப்ரூயின் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் இவர்கள் கஹூன் குலத்தாரில் பலரைக் கொன்றனர். வெகுண்டெழுந்தார் மன்னர் ஆறாம் ஜேம்ஸ். அதே ஏப்ரலில் மெக்ரெகர் என்ற பெயரே ஒழிக்கப்பட்டது. அப்பெயரைச் சொல்லிக்கொள்வோருக்கு மரண தண்டனை! குற்றம் புரிந்தவர் சிலர். பெயரை இழந்தவரோ தொட்டில் குழந்தை உட்பட அனைவரும். 1661-இல் நீங்கிய தடை 1693-இல் மீண்டும் வந்தது. 1774-இல்தான் முற்றிலும் ஒழிந்தது.

அதுவரை அவர்கள் கேம்பெல், கிரஹாம், டிரம்மண்ட், மர்ரி என்று வேறு பெயர்களில் வாழ்ந்தனர். புகழ்பெற்ற ராப் ராய் மெக்ரெகரும் தம் தாயாரின் குடும்பப் பெயரான கேம்பெல் என்பதையே வைத்துக்கொண்டார்.

ஆகவே, பெயரை மட்டும் நம்பித் தேடுபவர் வழி தவறுவார். ஊர், தொழில், ஞானஸ்நானத்திற்குச் சாட்சியாக நின்றவர் என எல்லாவற்றையும் ஒப்பிட வேண்டும். இன்றிலிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்வதே முறை. 1855 முதல் அங்கே பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை அரசு கட்டாயமாகப் பதிவு செய்கிறது. அதற்கு முன்னர் நடந்தவற்றுக்குக் கோயில் பதிவேடுகளே துணை. அவற்றுள் மிகப் பழையது 1553-இல் தொடங்குகிறது. கத்தோலிக்கப் பங்குகளின் பதிவேடுகள் தனியே உள்ளன.

எங்களை மகிழ்வித்த செய்தி ஒன்று உண்டு. 1855-க்குப் பிந்தைய இறப்புப் பதிவுகளில், இறந்தவருடைய தாயாரின் பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்பட்டிருக்கிறது. பழைய ஏடுகளில் மணமான பெண்களும் பெரும்பாலும் சொந்தப் பெயரிலேயே காணப்படுகின்றனர். தந்தை வழி மறைந்த இடத்தில், தாய் வழி விளக்கேற்றுகிறது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "உங்கள் குடும்பச் சின்னம்" என்று கடைகளில் பளபளக்கும் கேடயங்களை விற்கிறார்கள். ஸ்காட்லாந்துச் சட்டப்படி அத்தகைய சின்னம் தனி ஒருவருக்கும் அவர் வாரிசுக்குமே உரியது. ஒரே பெயர் கொண்ட எல்லாருக்கும் உரியதன்று. எடின்பரோவில் இதற்கென்றே லார்ட் லயன் நீதிமன்றம் இருக்கிறது. பெருமையைத் தேடுபவர் அந்தக் கடையோடு நின்றுவிடுவார். உண்மையைத் தேடுபவரோ ஆடு மேய்த்தவரையும், தறி நெய்தவரையும், வீட்டுவேலை செய்த பெண்ணையும் கண்டு, "இவர்களும் எம்மவரே" என்று வணங்குவார். குற்றவாளி ஒருவர் எதிர்ப்பட்டாலும் மறைக்க மாட்டார்.

பெயரைப் பறிக்க அரசாணையால் முடிந்தது. உறவை அறுக்க முடியவில்லை. மறக்கப்பட்டவரை நினைவுக்குக் கொண்டுவருவது வீண் வேலை அன்று, அது நீதி என்பதே எங்கள் எண்ணம்.

அன்புத் தோழியரே, நம் பாட்டியைப் பெற்ற தாயின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இன்று மாலையே வீட்டில் கேட்போமா?