16 மார்க் கூட்டல்

போன ஆடி சுவாதிக்குத் திருநாவலூர் போயிருந்தேன். சுந்தரர் பிறந்த ஊர், குருபூசைக் கூட்டம். எங்கள் தெருத் தம்பி ஒருவன், ஈசிஇ முடித்தவன், கிட்டாரும் கையுமாக வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, டிஸ்டார்ஷன் பெடலையும் டிலே பெடலையும் ஒன்னுக்குப் பின்னால ஒன்னா போட்டா சத்தம் கொழகொழன்னு ஆயிடுது. தனித்தனியா ஓட்டி கடைசியில சேர்க்கணும். ரெண்டு ஒயரையும் முறுக்கிப் பார்த்தேன், சத்தமே செத்துப்போச்சு. மிக்சர் வாங்கித்தான் ஆகணுமா?"

சாகத்தான் செய்யும். ஒரு பெடலின் வெளியீடு இன்னொன்றுக்குச் சுமையாகிவிடுகிறது.

"சம்மிங் ஆம்ப்ளிஃபையர் படிச்சியா?" என்றேன். "16 மார்க் கேள்விண்ணே" என்று சொல்லி, சமன்பாட்டைப் பிழையில்லாமல் எழுதியும் காட்டினான். "நீ கேட்ட மிக்சர் இதுதான்டா" என்றதும் பேச்சு நின்றுவிட்டது.

என் கோபம் அவன்மேல் இல்லை. நம் பொறியியல் கல்விக்குக் கண் உண்டு, கை கொஞ்சம் உண்டு, காது கிடையாது. ஆய்வகத்தில் 741 ஐசி, இரண்டு சைன் அலை, சிஆர்ஓ திரை, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து. அங்கே ஒரு ஸ்பீக்கரை மாட்டிக் கேட்டவர் எத்தனை பேர்? இத்தனைக்கும் கூட்டல்தான் ஆப்-ஆம்ப்பின் பிறவித் தொழில். அனலாக் கணினிகளில் கூட்டவும் கழிக்கவும் பயன்பட்டதால்தான் 1947இல் அதற்கு 'ஆபரேஷனல்' என்று பெயர் வந்தது.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு டிஎல்072. உள்ளே இரண்டு ஆப்-ஆம்ப். முதல் பாதி பஃபர்: 1 மெக் ஓம் உள்ளீட்டில் கிட்டாரை வாங்கி, பிக்கப்பை வாட்டாமல் இரண்டு பெடலுக்கும் பிரித்துக் கொடுக்கும். இரண்டாவது பாதி கூட்டும்: பெடலுக்கு ஒரு 100 கே வால்யூம், அதிலிருந்து ஒரு 100 கே ரெசிஸ்டர், எல்லாம் மைனஸ் காலில் சேரும், ஃபீட்பேக்கிலும் 100 கே. அந்தக் கால் விர்ச்சுவல் கிரவுண்டாக நிற்பதால் ஒன்றின் வால்யூமைத் திருகினால் மற்றது அசையாது. 9 வோல்ட் பேட்டரியை இரண்டு 10 கே ரெசிஸ்டரால் பாதியாக்கி, கெபாசிட்டர் ஒன்றால் நிலைநிறுத்தி, 4.5 வோல்ட்டை நடுவாக வைக்க வேண்டும். அந்த டிசி வெளியே போகாமல் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கெபாசிட்டர். ஐசியைவிட ஜாக்கும் டப்பாவும்தான் விலை அதிகம்.

"அலை தலைகீழா வருமே?" என்றான். இரண்டும் சேர்ந்தே கவிழ்வதால் காதுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெடல் மட்டும் தானாகவே அலையைக் கவிழ்த்தால், இரண்டும் ஒன்றையொன்று தின்று சத்தம் மெலியும். 180 டிகிரி ஃபேஸ் என்று பரீட்சையில் எழுதியதன் பொருள் அன்றைக்குத்தான் காதில் விழும்.

"ரெடிமேடாவே கிடைக்குதே, இந்தத் தலைவலி எதுக்கு?" என்பார்கள். தாராளமாக வாங்குங்கள், வாங்குவது பாவமில்லை. ஆனால் கையில் இருப்பதை இன்னதென்று அடையாளம் தெரியாமல் வாங்குவது வேறு. நம் சிற்றூர் ரேடியோ மெக்கானிக்குகள் 4440 ஐசியை வைத்து அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபையரில்தான் ஒரு தலைமுறை பாட்டுக் கேட்டது. அவர்களுக்குச் சமன்பாடு தெரியாது. 'உம்'மென்று இரைந்தால் எந்த எர்த்தைத் தொட வேண்டும் என்று தெரியும். அவர்களை அரைகுறை என்றோம். சமன்பாடு தெரிந்து சத்தம் தெரியாதவனுக்குப் பட்டம் கொடுத்தோம். இதில் யார் அரைகுறை?

கல்லூரிகளைக் கேட்பது ஒன்றுதான். அந்த 16 மார்க்கில் பாதியைச் சத்தத்துக்குக் கொடுங்கள். மாணவன் செய்த மிக்சரில் இரண்டு பாட்டு ஓடட்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றது குறையாமல் நிற்கிறதா என்று ஆசிரியர் காதால் கேட்டு மார்க் போடட்டும்.

தம்பி அன்றிரவே சாமான் பட்டியல் எழுதிக்கொண்டு போனான். டிகிரி வாங்கி இரண்டு வருஷம் கழித்து, படித்ததை முதல்முறையாகக் கேட்கப் போகிறான்.