கேட்டால் மட்டும் போதுமா?



உங்களில் பலருக்குப் பொறியியல் படிக்க வேண்டும் என்ற ஆசை இருக்கும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வீட்டில் இப்போதே பேச்சு நடக்கலாம். ஆனால் அந்தக் கல்லூரி வகுப்பறைக்குள் பாடம் எப்படி நடக்க வேண்டும் என்று யாராவது பேசுகிறார்களா? கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் என்ற முறையில் அதைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆட்டோ ரிக்‌ஷா மீது லாரி ஒன்று மோதுகிறது. லாரி ஆட்டோவின் மீது செலுத்தும் விசை பெரியதா? அல்லது ஆட்டோ லாரியின் மீது செலுத்தும் விசை பெரியதா?

'லாரி செலுத்தும் விசைதான்' என்று உங்கள் மனம் சொல்லியிருக்கும். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவீர்கள் அல்லவா? இரண்டு விசைகளும் சமம். ஆட்டோவின் நிறை குறைவு. ஆகவே அதே விசை அதற்கு அதிக முடுக்கத்தைத் தருகிறது. அதனால்தான் ஆட்டோ தூக்கி எறியப்படுகிறது. விதி நாவில் இருக்கிறது. மனமோ வேறொன்றை நம்புகிறது.

இது உங்கள் குறை மட்டுமல்ல. அமெரிக்காவிலுள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹலூன், ஹெஸ்டனிஸ் என்ற இருவர், பல்கலைக்கழக மாணவர்களிடம் இத்தகைய எளிய கேள்விகளைக் கேட்டு, முடிவுகளை 1985-ல் வெளியிட்டார்கள். ஒரு பருவம் முழுவதும் விரிவுரை கேட்ட பின்னும் மாணவர்களின் பழைய எண்ணங்கள் பெரும்பாலும் மாறவில்லை! பாடம் நடத்தியவர் யார் என்பதாலும் பெரிய வேறுபாடு ஏற்படவில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எரிக் மாசூர் இதைப் படித்துவிட்டுத் தம் மாணவர்களுக்கும் அதே தேர்வை வைத்தார். ஒரு மாணவி எழுந்து, நீங்கள் கற்பித்தபடி விடை எழுதுவதா, நான் நினைக்கிறபடி எழுதுவதா என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியில் கல்வியின் நோய் முழுவதும் தெரிகிறது.

மாசூர் 1991 முதல் தம் முறையை மாற்றினார். சில நிமிடங்கள் பேசுவார். பிறகு ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் தனியே சிந்தித்து விடையைக் குறிக்க வேண்டும். அடுத்து, பக்கத்திலிருப்பவரிடம் தம் விடைக்கான காரணத்தைச் சொல்லி வாதாட வேண்டும். மீண்டும் விடை குறித்த பின்பே ஆசிரியர் விளக்குவார்.

நாமும் செய்து பார்ப்போமா? ஓர் இரும்புத் தகட்டின் நடுவில் வட்டமான துளை இருக்கிறது. தகட்டைச் சூடாக்கினால் துளை பெரிதாகுமா, சிறிதாகுமா? படிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு தாளில் விடையை எழுதுங்கள்.

'இரும்பு விரிவடைந்து துளையை அடைக்கும். துளை சிறிதாகும்' என்று ஒருவர் சொல்வார். 'துளையிலிருந்து வெட்டிய வட்டத் துண்டை அங்கேயே வைத்துச் சூடாக்கினால்?' என்று மற்றவர் கேட்பார். துண்டு விரியும், அதைச் சுற்றியுள்ள இடமும் அதற்கேற்ப விரியும். துண்டை எடுத்துவிட்டாலும் தகடு அப்படித்தான் விரியும். ஆகவே துளை பெரிதாகும்! மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை பூட்டும் கொல்லருக்கு இது கைவந்த உண்மை. சக்கரத்தைவிடச் சற்றே சிறிய பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவார், நீரூற்றிக் குளிர்விப்பார், பட்டை சுருங்கி மரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். இப்படி வாதாடிக் கண்ட விடை எளிதில் மறக்காது.

இம்முறையால் பயன் உண்டா? ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 வகுப்புகளில் பயின்ற 6,000-க்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளைத் தொகுத்து 1998-ல் வெளியிட்டார். பாடத்துக்கு முன் அறியாதிருந்தவற்றில், விரிவுரை மட்டும் கேட்டவர்கள் சராசரியாக 23 விழுக்காடு கற்றிருந்தார்கள். கலந்துரையாடிக் கற்றவர்களோ 48 விழுக்காடு. அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்கள் பற்றிய 225 ஆய்வுகளைத் திரட்டி 2014-ல் வெளியான கட்டுரை இன்னொன்றைக் காட்டியது. விரிவுரை வகுப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 34 பேர் தேர்ச்சி பெறவில்லை. மாணவர் பங்கேற்கும் வகுப்புகளில் அது 22 பேர்தான்.

'பாடத்திட்டத்தை முடிக்க வேண்டாமா?' என்று ஆசிரியர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் ஆசிரியர் முடித்துவிட்டார், மாணவர் தொடங்கவே இல்லை என்றால் என்ன பயன்? நூலில் உள்ளதை மாணவர் முன்கூட்டியே படித்து வரட்டும். வகுப்பு நேரம் புரியாததற்கு இருக்கட்டும். அறுபது பேர் கொண்ட வகுப்பிலும் இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். விடை எண்ணை விரலால் காட்டினால் போதும்.

மாணவர்களும் இதை எளிதில் விரும்புவதில்லை. ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் செய்த ஓர் ஆய்வு 2019-ல் வெளியாயிற்று. சிந்தித்துக் கற்றவர்கள் அதிகமாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாக எண்ணினார்கள்! தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். தானே முயலும்போது தடுமாற்றம் தெரியும். அந்தத் தடுமாற்றம்தான் கற்றல்.

விரிவுரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மாணவர் முட்டிமோதிய பிறகு கேட்கும் நல்ல விளக்கத்துக்கு ஈடில்லை. ஆனால் தேர்வும் மாற வேண்டும். நூலிலுள்ளதை அப்படியே எழுதினால் மதிப்பெண் என்றிருக்கும்வரை மாணவர் மனப்பாடம்தான் செய்வார். விடை தெரிந்த சோதனையைச் செய்து, ரெக்கார்டு நோட்டை நண்பரிடம் வாங்கி நிரப்புவதும் ஓயாது. 1794-ல் சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னர் கிண்டி பொறியியற் கல்லூரியாக வளர்ந்தது. நில அளவையைக் காதால் மட்டும் கற்க முடியுமா? சங்கிலியைப் பிடித்து வெயிலில் நடந்தே ஆக வேண்டும். மற்றப் பாடங்களும் அப்படித்தான்.

பாலத்தில் ஏன் இடைவெளி விடுகிறார்கள் என்று உணராமல் சூத்திரத்தை மட்டும் அறிந்த பொறியாளரை நம்பி, அந்தப் பாலத்தின்மீது எத்தனை பேர் போவார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

கல்லூரிகள் மாறட்டும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். மூன்று நண்பர்கள் சேருங்கள். நாளுக்கு ஒரு கேள்வி. முதலில் தனியே விடை எழுதுங்கள். பிறகு காரணம் சொல்லி வாதாடுங்கள். கடைசியில் நூலைப் பாருங்கள். இன்றைக்கு இது: ஒரு குவளை நீரில் பனிக்கட்டி மிதக்கிறது. அது முழுவதும் உருகியபின் நீர்மட்டம் உயருமா, தாழுமா, அப்படியே இருக்குமா? விடையை நான் சொல்லப் போவதில்லை!