ஸ்னீக்கின் சத்தம்



இந்த மாதத் தபாலில் ஓர் அஞ்சலட்டை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். சென்ற இதழில் நாம் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சியில், மதுக்கடைப் பணியாள் ஒருவனை ‘ஸ்னீக்கின் சத்தத்தை’த் தேடிக் கண்டுபிடிக்க அனுப்புகிறார்கள் அல்லவா? ‘சத்தத்தை எப்படி ஐயா தேடிப் பிடிப்பது? சாக்கில் கட்டிக்கொண்டு வர வேண்டுமா?’ என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. தவறு என்னுடையது. மொழிபெயர்த்த நண்பர் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்பியிருந்தார். ‘நாய்ஸ் என்றால் சத்தம்தானே, இதில் என்ன சந்தேகம்’ என்று நானே ரப்பர் எடுத்து அதை அழித்தேன். இரண்டு முறை புரூஃப் பார்த்தும் உறைக்கவில்லை.

‘ஒரே நாய்ஸா இருக்கு, கொஞ்சம் வெளியில வந்து பேசு’ என்று போனில் நாம் எல்லோரும் சொல்கிறோம். இவ்வளவு பழகிய சொல்லுக்கு அகராதியைப் புரட்ட யாருக்குத் தோன்றும்? அஞ்சலட்டையைப் படித்த பிறகுதான் புரட்டினேன். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் ‘நாய்ஸ்’ என்றால் வாத்தியக் குழு என்றும் ஒரு பொருள் இருந்திருக்கிறது. 1600இல் அச்சான ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகத்தில் அந்தப் பையன் தேடப் போவது ஸ்னீக் என்பவனின் குழுவை. விருந்துக்கு வரும் பெண்மணிக்கு இசை கேட்க ஆசை, அதனால் ஆள் அனுப்புகிறார்கள். கொஞ்ச நேரத்தில் குழுவும் வந்து வாசிக்கிறது.

சத்தத்துக்கும் சங்கீதத்துக்கும் ஒரே சொல்லா என்று யோசித்தபடி மேலே தோண்டினால், ஆச்சரியம் அத்தோடு நிற்கவில்லை.

1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் கூட்டம் கூட்டமாக ஆங்கிலத்துக்குள் வந்தன. ‘நாய்ஸ்’ அப்படி வந்ததுதான். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில ஏடுகளில் தென்படுகிறது. அதற்கு முன் ஆங்கிலேயர்களிடம் சத்தத்துக்குச் சொல் இல்லாமல் இல்லை. இன்றும் புழங்கும் ‘டின்’ அந்தப் பழைய சரக்குதான். நாம் கனவு என்று அறிந்திருக்கும் ‘ட்ரீம்’கூட அந்தக் காலத்தில் களிப்பையும் பாட்டையும் கொண்டாட்ட ஆரவாரத்தையும் குறித்ததாம்!

சரி, பிரெஞ்சுக்கு அது எங்கிருந்து வந்தது? பெரும்பாலான அகராதிகள் லத்தீன் ‘நாசியா’வைக் காட்டுகின்றன. ஆம், மருத்துவர்கள் இன்றும் குமட்டலுக்குச் சொல்லும் அதே சொல். அதற்கும் மூலம் கிரேக்கத்தில் கப்பலைக் குறிக்கும் ‘நௌஸ்’. நம் காதில் விழுந்திருக்கும் வடமொழி ‘நௌகா’வுக்கு ஒன்றுவிட்ட உறவு. கடல் ஆட்டத்தில் வயிற்றைப் புரட்டும் அவஸ்தை, பிறகு பொதுவாக எந்த அவஸ்தையும், அதிலிருந்து அமளி, சச்சரவு, கடைசியில் சத்தம். தீங்கு என்று பொருள்படும் ‘நாக்ஸியா’வே மூலம் என்று வாதாடுகிற பண்டிதர்களும் உண்டு. எனக்கென்னவோ கப்பல் கதைதான் பிடித்திருக்கிறது. ராமேஸ்வரத்தில் ஒருமுறை விசைப்படகில் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் போட்ட சத்தம் எனக்குத்தான் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்கள் இந்தச் சொல்லை ஏறக்குறைய தொலைத்துவிட்டார்கள். அவர்களிடம் மிஞ்சியிருப்பது ‘ஷெர்ஷே நுவாஸ்’ என்ற ஒரு வழக்குத்தான். வலியப் போய் வம்புக்கு இழுப்பது என்று அர்த்தம். பால்சாக் 1831இல் எழுதிய கதை ஒன்றில் ஓவியர் ஒருவர் பத்து வருடம் யாருக்கும் காட்டாமல் வரைந்துகொண்டே இருக்கும் படத்துக்கு ‘லா பெல் நுவாஸ்யூஸ்’ என்று பெயர். வம்புக்கார அழகி என்று சொல்லலாமா? ஜாக் ரிவெட் 1991இல் அதே பெயரில் எடுத்த நாலு மணி நேரப் படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் இருப்பார்கள். சத்தத்துக்குள் சண்டை இருப்பது நமக்கும் புதிதில்லை. ‘அப்பா சத்தம் போட்டார்’ என்றால் அவர் பாடினார் என்று யாரும் நினைப்பதில்லை.

இந்தச் சொல்லை அதன் முழு உடம்போடு பார்க்க வேண்டுமானால் சாஸரிடம் போக வேண்டும். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் எழுதிய கேன்டர்பரி கதைகளில் ஒரு பாதிரியார் சொல்லும் சேவல் கதை வருகிறது. ஏழை விதவை ஒருத்தியின் முற்றத்துச் சேவலை நரி கழுத்தைக் கவ்வி, முதுகில் போட்டுக்கொண்டு தோப்பைப் பார்த்து ஓடுகிறது. கோழிகள் கதற, விதவையும் இரண்டு மகள்களும் வெளியே ஓடி வருகிறார்கள். அப்புறம் பாருங்கள். கம்போடு ஆண்கள் ஓடுகிறார்கள். பெயர் சொல்லி அழைக்கப்படும் மூன்று நாய்கள் ஓடுகின்றன. மால்கின் என்ற பெண் நூல் நூற்ற கழியைக் கீழே வைக்கக்கூட மறந்து கையோடு ஓடுகிறாள். நாய்க் குரைப்பில் மிரண்ட பசுவும் கன்றும் பன்றிகளும் ஓடுகின்றன. வாத்துகள் தங்களை யாரோ அறுப்பதுபோலக் கத்துகின்றன. பெரிய வாத்துகள் பயத்தில் மரங்களுக்கு மேலே பறக்க, கூட்டிலிருந்து தேனீக்கள் கிளம்புகின்றன. போதாதென்று பித்தளை, மரம், கொம்பு, எலும்பு என்று கையில் கிடைத்த ஊதுகுழலையெல்லாம் ஊதுகிறார்கள். வானமே இடிந்து விழும்போல இருந்ததாம். இத்தனைக்கும் சேர்த்துச் சாஸர் போட்ட ஒற்றைச் சொல் ‘நாய்ஸ்’.

சிரித்துக்கொண்டே படிக்கும்போது சட்டென்று ஒரு வரி குறுக்கே வந்து நிற்கிறது. கிளர்ச்சித் தலைவர்களில் ஒருவனான ஜாக் ஸ்ட்ராவும் அவன் ஆட்களும் ஃப்ளாண்டர்ஸ்காரர்களைக் கொல்லக் கிளம்பியபோதுகூட இதில் பாதி சத்தம் இல்லை என்கிறார் சாஸர். அது கற்பனை இல்லை. 1381 விவசாயிகள் கிளர்ச்சியின்போது லண்டன் தெருக்களில் ஃப்ளாண்டர்ஸிலிருந்து வந்து குடியேறியவர்கள் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள். அப்போது சாஸருக்கு வீடு லண்டன் மதிலின் ஆல்ட்கேட் வாசலுக்கு மேலேயே இருந்தது. சேவலுக்காக எழும் கூச்சலைச் சொல்ல வந்தவருக்கு, அளந்து பார்க்க அந்தக் கூச்சல்தான் கைக்கு வந்திருக்கிறது. இதைப் படித்த பிறகு வாத்துகளைப் பார்த்துப் பழையபடி சிரிக்க முடியவில்லை.

ஊரே கத்திக்கொண்டு ஓடுவது அங்கே வெறும் பதற்றமும் இல்லை, சட்டம். முதலாம் எட்வர்டின் 1285ஆம் வருட வின்செஸ்டர் சட்டப்படி, களவு நடந்தால் கூக்குரல் எழுப்பி ஊர் முழுக்கத் திருடனைத் துரத்த வேண்டும். சும்மா இருப்பதுதான் குற்றம். நரியும் சேவல் திருடன்தானே!

வதந்தி என்ற பொருளும் ‘நாய்ஸ்’ என்ற சொல்லுக்கு நெடுங்காலம் இருந்தது. 1611 ஆங்கில பைபிளில் ஒரு செய்தி ஊரெங்கும் பரவியது என்பதற்கு இதையே வினைச்சொல்லாக்கிப் போட்டிருக்கிறார்கள். நம் ‘கௌவை’யை நினைத்துக்கொண்டேன். ஆரவாரத்துக்கும் அதுதான், ஊர் வாயில் விழும் காதல் பேச்சுக்கும் அதுதான். வள்ளுவர் அலரறிவுறுத்தல் அதிகாரத்தில் எடுத்தாள்வது இந்த இரண்டாவதை.

அதே ஆங்கில பைபிளின் 100ஆம் சங்கீதத்தில் ஆண்டவருக்கு முன் எழுப்பச் சொல்வதும் ஆனந்தமான ‘நாய்ஸ்’தான். தமிழ் பைபிளில் அந்த இடத்தில் சத்தமும் இல்லை, இரைச்சலும் இல்லை. ‘கெம்பீரமாய்’ப் பாடச் சொல்கிறது. எபிரேய மூலத்தில் இருப்பது வாய்விட்டு ஆர்ப்பரிப்பது. ஆளுக்கு ஒரு பக்கமாக அதை எட்டிப் பிடித்திருக்கிறார்கள். எனக்குத் தமிழ்க் ‘கெம்பீரம்’ காதுக்கு இன்னும் நெருக்கம்.

இவ்வளவு சுமந்த சொல் 20ஆம் நூற்றாண்டில் இளைத்துப்போனது. தந்திக் கம்பிகளையும் வானொலியையும் கட்டி மேய்த்த பொறியாளர்களுக்கு, வேண்டிய செய்தி போக மிச்சம் எல்லாம் நாய்ஸ். 1948இல் கிளாட் ஷானன் தகவலைக் கணக்காக்கியபோது அது சமன்பாட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகும் சொல் சும்மா இல்லை. நியூஜெர்சியில் பென்ஸியாஸ், வில்சன் என்ற இருவர் தங்கள் ஆன்டெனாவில் ஓயாமல் கேட்ட இரைச்சலுக்குப் புறாக்களைச் சந்தேகப்பட்டு எச்சத்தையெல்லாம் சுரண்டித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. அது பிரபஞ்சத்தின் பிள்ளைப்பருவத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் கதிர்வீச்சு. 1978இல் நோபல் பரிசு கிடைத்தது.

அஞ்சலட்டைக்கு வருகிறேன். அந்தத் தமிழாசிரியரிடம் போனில் பேசினேன். ‘சத்தம்’ சரியில்லை, ‘இசைக் குழு’ என்று போட்டிருக்கலாமா என்று கேட்டேன். அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. ‘கல்யாண வீட்டில் என்ன சொல்வோம்? மேளம் வந்தாச்சா, மேளத்துக்குச் சாப்பாடு போட்டாச்சா என்றுதானே. மேளமா சாப்பிடுகிறது?’

அந்தப் பென்சில் கேள்விக்குறிக்குப் பதில் கிடைத்துவிட்டது. வாசகர்கள் சென்ற இதழை எடுத்து, ‘ஸ்னீக்கின் சத்தம்’ என்று இருக்கும் இடத்தில் ‘ஸ்னீக்கின் மேளம்’ என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.

அன்புடன்,
ஆசிரியர்