புகை போகிறது, ஒப்பந்தம் வருகிறது

அலிபிரியில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். திருமலைக்கு ஏறும் பஸ்களில் சில இப்போது சத்தமில்லாமல் ஏறுகின்றன. பின்னால் கரும்புகை கிடையாது. 2022 செப்டம்பர் 27ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் ஜகன்மோகன் ரெட்டி இதே அலிபிரியில் மின்சார பஸ்ஸைத் தொடங்கிவைத்தார். மொத்தம் நூறு பஸ்கள். பாதி மலைக்கு, மீதி விமான நிலையம், நெல்லூர், கடப்பா, மதனபள்ளி வழிகளுக்கு என்று அறிவித்தார்கள். மலையிலிருந்து இறங்கும்போது, சக்கரத்தைத் தடுக்கும் விசையே மின்சாரமாகித் திரும்பப் பாட்டரிக்குள் போகிறது. ஏறும்போது செலவழித்ததில் ஒரு பங்கை, 1944இல் போட்ட பழைய மலைப்பாதையில் இறங்கும்போது அந்த வண்டி மீட்டுக்கொள்கிறது.

நல்ல ஏற்பாடு. இதை நாம் ஏன் குறை சொல்ல வேண்டும்? பஸ் நிலையத்து வாசலில் பூ விற்று, டீ ஆற்றி, மூட்டை தூக்கி, டீசல் புகையை நாள் முழுவதும் மூச்சில் வாங்கியவர்கள் நம் குடும்பத்தார்தான். எண்ணெய் போய் மின்சாரம் வருவதை நமது சங்கம் எதிர்க்கவில்லை. "பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள்" என்று நம்மைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு இது பதில்.

நம் கேள்வி வேறு. அந்த பஸ்ஸின் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர் யாருடைய ஆள்?

ஆந்திர அரசு சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் நிறம் பூசியிருக்கிறது, கழகத்தின் டிக்கெட், கழகத்தின் வழித்தடம். ஆனால் பஸ் கழகத்தினுடையது அல்ல. தனியார் கம்பெனி பஸ்ஸைக் கொண்டுவந்து ஓட்டுகிறது. ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் இவ்வளவு என்று கழகம் பணம் கட்டுகிறது. ஒப்பந்தம் 12 வருடம். இந்த ஏற்பாட்டில் ஓட்டுநரை அமர்த்துவது கம்பெனி. 2020 ஜனவரி 1ஆம் நாள், கழகத்தின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அரசு ஊழியர்களாக்கப்பட்டார்கள். பல வருடப் போராட்டத்தின் பலன் அது. வெடி வெடித்துக் கொண்டாடினார்கள், நாமும் மகிழ்ந்தோம். மூன்று வருடம் முடிவதற்குள் அதே டிப்போவுக்குள், அதே வழித்தடத்தில், அரசு ஊழியரல்லாத ஓட்டுநர் வந்துவிட்டார். ஒரே வளைவில் ஒரே பக்தர்களை ஏற்றிக்கொண்டு போகும் இரண்டு ஓட்டுநர்கள்: டீசல் பஸ்காரருக்கு அரசு வேலை; மின்சார பஸ்காரருக்குக் காண்ட்ராக்ட் வேலை. டீசல் பஸ் ஒவ்வொன்றாகக் கழியக் கழிய, அரசு வேலையும் ஒவ்வொன்றாகக் கழியும். இதற்கு எந்தச் சட்டசபையிலும் வேலைக்குறைப்பு என்று தீர்மானம் போட வேண்டிய அவசியமே இல்லை!

பாட்டரிக்கும் காண்ட்ராக்டுக்கும் என்ன சம்பந்தம்? பாட்டரி வைத்த பஸ்ஸை அரசே வாங்கி, அரசே ஓட்டுநரைப் போட்டு ஓட்டினால் அது ஓடாதா? மின்சாரம் ஆளைப் பார்த்தா பாய்கிறது? விலை அதிகம், கழகத்திடம் பணமில்லை என்பார்கள். பணம் யாருடையது என்று பார்ப்போம். ஃபேம் இரண்டாம் கட்டம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2019 ஏப்ரலில் 10,000 கோடி ரூபாயுடன் தொடங்கியது. அதில் 12 மீட்டர் பஸ் ஒன்றுக்கு 55 லட்சம் வரை, 9 மீட்டர் பஸ்ஸுக்கு 45 லட்சம் வரை மானியம். திருப்பதியின் நூறு பஸ்களும் அந்தத் திட்டத்தில் வந்தவைதான். வண்டி விலையில் கணிசமான பங்கு மக்கள் பணம். வண்டி மட்டும் கம்பெனி பெயரில்.

அடுத்த கூத்தையும் கேளுங்கள். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இன்னொரு திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மாநிலப் போக்குவரத்துக் கழகங்கள் மின்சார பஸ் கம்பெனிகளுக்குக் கிலோமீட்டர் பணத்தைக் காலத்தில் கட்டாவிட்டால், அந்தப் பணம் தவறாமல் கிடைக்க மத்திய அரசின் பாதுகாப்பு நிதி. ஒதுக்கிய தொகை 3,435 கோடி ரூபாய். அதாவது காண்ட்ராக்டருக்குப் பாக்கி விழாமல் பார்த்துக்கொள்ள டில்லி ஜாமீன் நிற்கிறது. ஓட்டுநரின் சம்பளப் பாக்கிக்கு யார் ஜாமீன்? சேம நிதி கட்டாமல் விட்டால் யார் ஜாமீன்? இந்தியில் தேடினாலும் ஆங்கிலத்தில் தேடினாலும் அப்படியொரு நிதி இல்லை.

"தனியார் கம்பெனியின் தொழிலாளர் விஷயத்தில் அரசு எப்படித் தலையிடும்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. தலையிட மனமிருந்தால் முடியும் என்பதற்கு நம் ஊர்ச் சாட்சி இருக்கிறது. சத்தியவேடு பக்கம் ஹீரோ மோட்டோகார்ப் ஆலையில் 'விடா' என்ற மின்சார ஸ்கூட்டர் தயாராகிறது. (2022இல் மாவட்டம் பிரிந்து சத்தியவேடு திருப்பதி மாவட்டத்துக்குப் போன பின்னும் எல்லோரும் அதைச் சித்தூர் ஆலை என்றுதான் சொல்கிறார்கள்.) ஃபேம் மானியத்துக்கு ஒரு நிபந்தனை இருந்தது: ஸ்கூட்டரின் ஆலை விலை ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. நாட்டின் பெரிய ஸ்கூட்டர் கம்பெனிகள் நான்கு, சார்ஜருக்குத் தனி விலை போட்டன. கனரகத் தொழில் அமைச்சகம் பிடித்தது. 2023இல் ஓலா, ஏத்தர், டி.வி.எஸ்., விடா நான்கும் சார்ஜர் பணத்தை வாங்கியவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. உள்நாட்டு உதிரி பாகங்களைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்று வேறு சில கம்பெனிகளின் மானியமும் நிறுத்தப்பட்டது.

ஆக, எந்த மோட்டார் எங்கே செய்தது என்று அரசு பார்த்தது. சார்ஜர் வயருக்குக் கணக்குக் கேட்டது. அந்த மோட்டாரைப் பொருத்தியவர் நிரந்தரத் தொழிலாளியா, தரகர் கொண்டுவந்து விட்ட ஆளா, எட்டு மணி நேரமா, பன்னிரண்டு மணி நேரமா? இதை மட்டும் கேட்கவில்லை. போல்ட்டுக்கு நிபந்தனை உண்டு, போல்ட் முடுக்குகிற கைக்கு நிபந்தனை இல்லை. இது மறதியா? நாம் அப்படி நினைக்கவில்லை.

இந்த மானியத்துக்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் நம் வீட்டுப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாதக் கணக்கு அவர்கள் கையில் இருக்கிறது. 2020 மே மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு. வேலை இல்லை, கூலி இல்லை. வந்த வழியே ஊருக்கு நடந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த நேரத்தில் உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலரை ஒட்டிச் சரிந்துகிடந்தது. விலை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? மத்திய அரசு பெட்ரோல் மீதான கலால் வரியை ஒரே நாளில் 10 ரூபாய் ஏற்றி, லிட்டருக்கு 32 ரூபாய் 98 காசு ஆக்கியது. பிறகு 2021 நவம்பரிலும் 2022 மேயிலும் குறைத்தார்கள். 2025 ஏப்ரலில் மறுபடி 2 ரூபாய் ஏற்றினார்கள். இதன்மேல் ஆந்திர அரசு 31 சதவீத வரி, அதன்மேல் லிட்டருக்கு 4 ரூபாய், சாலைக்கென்று 1 ரூபாய் என்று வசூலித்து வந்திருக்கிறது. சித்தூர் ஆட்டோக்காரர் காட்பாடிப் பக்கம் சவாரி கிடைத்தால் எல்லை தாண்டி டாங்கை நிரப்பிக்கொண்டு வருவது சும்மாவா?

இப்படி, பழைய எக்ஸ்.எல். வண்டியில் சித்தாளை உட்காரவைத்துக்கொண்டு வேலைக்குப் போகும் கொத்தனாரிடம் லிட்டர் லிட்டராகப் பிடித்த பணம் ஒரு பக்கம். மறுபக்கம், மின்சார வண்டிக்கு 2019 ஆகஸ்டு முதல் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. மின்சார வண்டிக் கடனின் வட்டியில் வருடம் ஒன்றரை லட்சம் வரை வருமான வரிக் கழிவு, 2023 மார்ச் வரை வாங்கிய கடன்களுக்கு. வருமான வரி கட்டுகிறவருக்குத்தான் வருமான வரிக் கழிவு. கொத்தனாருக்கு எது?

"நீங்களும் மின்சார வண்டி வாங்குங்களேன்" என்கிறார்கள். நம்மவர்கள் புது வண்டி வாங்கிப் பார்த்தது எத்தனை பேர்? இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டிதான் நமக்கு. பத்து வருட பெட்ரோல் வண்டியை நம் மெக்கானிக் ஷெட்டில் விட்டால், போர் போட்டு, பிஸ்டன் மாற்றி, இன்னும் ஐந்து வருடம் ஓட்டலாம். செலவைத் தவணையாகக் கொடுத்தாலும் மெக்கானிக் அண்ணன் வாங்கிக்கொள்வார். மின்சார வண்டி நம் கைக்கு வரும்போது அதன் பாட்டரி தேய்ந்திருக்கும். வண்டி விலையில் பெரும்பங்கு பாட்டரிதான். அதற்குப் போர் போட முடியாது. புதுசு வாங்கத்தான் வேண்டும். பணக்காரன் ஓட்டிக் கழித்த வண்டியின் மிச்ச ஆயுள் இதுவரை ஏழையின் சொத்தாக இருந்தது. அந்தச் சொத்து இனி இருக்காது. இதைப் பற்றி எந்தக் கொள்கை அறிக்கையிலும் ஒரு வரி கூட நாம் படிக்கவில்லை.

வாங்கினாலும் எங்கே சார்ஜ் போடுவது? மாடி வீட்டுக்காரருக்குக் கார் ஷெட்டும் தனி மீட்டரும் உண்டு. லைன் வீட்டில் பத்துக் குடும்பத்துக்கு ஒரு மீட்டர். யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொன்னதுதான் விலை. ராத்திரி வண்டிக்குப் பிளக் போட்டால் காலையில் சண்டை. தெற்கு மின் விநியோகக் கம்பெனியின் தலைமையகம் நம் திருப்பதியில்தான் இருக்கிறது. வாடகைக் குடும்பங்களுக்குத் தனி மீட்டர் கொடுப்பது பற்றி அந்தக் கட்டடத்துக்குள் என்ன பேசுகிறார்கள்? 'ட்ரூ-அப்' என்று சொல்லி எப்போதோ எரித்த மின்சாரத்துக்கு இப்போது காசு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா? இன்னொன்று: நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு இன்னும் நிலக்கரியில் வருகிறது. மலையில் இல்லாத புகை, கடப்பா ராயலசீமா அனல் நிலையத்தின் குழாயிலும் கிருஷ்ணபட்டணத்திலும் இருக்கிறது. அங்கே சாம்பல் அள்ளுகிறவர்களும் நம்மைப் போன்ற காண்ட்ராக்ட் ஆட்கள்தான்.

மெக்கானிக் தோழர்களின் பாடு தனி. 2020 ஏப்ரலில் பி.எஸ். ஆறு விதி வந்ததும் கார்புரேட்டர் போனது, கம்ப்யூட்டர் வந்தது. இனிப் பிளக்கும் இல்லை, கிளட்சும் இல்லை, எஞ்சின் ஆயிலும் இல்லை. மின்சார வண்டியின் கோளாறைக் கண்டுபிடிக்கும் சாப்ட்வேர் கம்பெனி ஷோரூமில் பூட்டிக்கிடக்கிறது. பதினாறு வயதில் திருவண்ணாமலையிலிருந்து வந்து ஸ்பானர் பிடித்தவருக்கு நாற்பத்தைந்து வயதில் யார் பயிற்சி கொடுப்பது, எந்த மொழியில்?

பாட்டரி ஆலைக்கு வருவோம். திருப்பதி காரகம்பாடியிலும் சித்தூர் அருகிலும் அமரராஜா ஆலைகள் இருக்கின்றன. 1985இல் தொடங்கிய கம்பெனி. ஈய பாட்டரி. 2021 ஏப்ரல் 30ஆம் நாள், ஈய மாசைக் காரணம் காட்டி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இரண்டு இடங்களையும் மூடச் சொன்னது. ஒரு வாரத்துக்குள் உயர்நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. முதலாளி குடும்பம் தெலுங்கு தேசம், ஆட்சி ஜகன் கட்சி. அதனால் இது அரசியல் பழிவாங்கல் என்றது ஒரு பக்கம், சுற்றுச்சூழல் என்றது மறுபக்கம். இரண்டு பக்கமும் கத்தியதில் ஒரு கேள்வி அமுங்கிப்போயிற்று. ஈயம் இரத்தத்தில் சேரும், எலும்பில் தங்கும். வேலை உடுப்போடு வீட்டுக்கு வந்தால் குழந்தையையும் பிடிக்கும். ஆலையில் உள்ள ஒவ்வொருவரின் இரத்தப் பரிசோதனைத் தாளும், காண்ட்ராக்ட் ஆள் உட்பட, அவர் கைக்கு வர வேண்டாமா? 2022 டிசம்பரில் அந்தக் கம்பெனி லித்தியம் ஆலைக்கு 9,500 கோடி ரூபாய் என்று தெலங்கானாவுடன் ஒப்பந்தம் போட்டது. புது பாட்டரி மகபூப்நகருக்கு, பழைய ஈயம் நமக்கு!

ஆகவே நமது சங்கம் கேட்பது இவை. மானியப் பணம் தொட்ட ஒவ்வொரு பஸ்ஸின் ஓட்டுநருக்கும் கழக ஓட்டுநருக்குள்ள அதே சம்பளம். ஒப்பந்தத்திலேயே அது எழுதப்பட வேண்டும். லைன் வீடுகளுக்குத் தனி மீட்டர். மெக்கானிக்குகளுக்குக் கூலியோடு பயிற்சி, தமிழிலும். பாட்டரி ஆலைத் தொழிலாளிக்கு இரத்தப் பரிசோதனைத் தாள். தொழிற்பேட்டைக்கு வரும் லித்தியம் ஆலைகளுக்கும் இதே விதி.

மின்சார பஸ் ஓட்டும் தோழர்கள், பாட்டரி ஆலைக்குப் போகிறவர்கள், சத்தியவேடு ஆலையில் தரகர் மூலம் வேலை செய்கிறவர்கள், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டை அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். சீட்டே கொடுப்பதில்லை என்றால், வந்து அதைச் சொல்லுங்கள், அதையும் எழுதிக்கொள்கிறோம். பெயர் வெளியே போகாது.