பனைமரமும் உரிமமும்

சங்கத்துப் பிள்ளைகள் பொங்கல் விழாவில் ஆடுவதற்கென்று அண்டை வீட்டுச் சிறுவன் ஒரு கணினி விளையாட்டு அமைத்து வருகிறான். அதில் ஒரு சிற்றூர். இலவசமாய்க் கிடைக்கும் மரப் படங்களைத் தேடியதில் ஊசியிலை மரங்களே அவன் கையில் அகப்பட்டனவாம். ஆதலால் நம் மகள் பனை வரைய முன்வந்தாள்.

பத்து நாள் உழைத்தபின், "இதை எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டுமே, அப்பா" என்றாள். ஓப்பன் கேம் ஆர்ட் என்னும் தளம் 2009 முதல் இப்பணிக்கென்றே இயங்குகிறது. நாம் உடனே இசைந்துவிடவில்லை, அதை மறைப்பானேன்? எவரோ அதைக்கொண்டு பணம் பண்ணினால்?

உரிமங்களைப் படித்தோம். இரயில்வே விதிப்புத்தகம் படித்துப் பழகிய கண்ணுக்கு அலுப்புத் தோன்றவில்லை. சி.சி. ஜீரோ என்பதில் வரைந்தவர் பெயரைக்கூடச் சொல்ல வேண்டா. சி.சி. பை என்பதில் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். பை-எஸ்ஏ என்பதில், மாற்றி வரைந்து வெளியிடுவோர் தாமும் அவ்வுரிமத்திலேயே வழங்கவேண்டும். விற்பனையை இம்மூன்றும் தடுப்பதில்லை. தடுக்கும் உரிமங்களை அத்தளம் ஏற்பதுமில்லை. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறவும் இயலாது. இவ்வரியில்தான் நெடுநேரம் நின்றோம்.

"ஓலையை எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று வினவினோம். மகள் பேசவில்லை. எவரோ எடுத்த நிழற்படத்தின் மேலேயே கோடு இழுத்திருக்கிறாள்! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதா?

நல்லவேளை, நாம் இருக்கும் கரக்பூரில் பனைக்குப் பஞ்சமில்லை. ஞாயிறன்று குளக்கரைக்கு அழைத்துச் சென்றோம். விசிறி மடிப்பையும், காய்ந்து தொங்கும் அடியோலைகளையும், மட்டையின் இருபுறக் கருக்கையும் நேரில் பார்த்து வரைந்தாள். வீடு திரும்பிய பின்னரே தொல்லை. சதுரம் ஒன்றுக்கு 32 புள்ளி அகலம், 32 புள்ளி உயரம். 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டிக்கு வகுத்த அளவு. பலர் வரைந்த மரங்கள் ஒரே தோட்டத்தில் பொருந்தி நிற்பதற்கு அளவு ஒன்றாயிருத்தல் வேண்டும். நான்கு சதுரங்களை அடுக்கியும் கருக்குக்கு இடமில்லை. அழுதேவிட்டாள். பின்னர் மட்டையோரம் இரண்டு கரும்புள்ளிகள் வைத்தாள், கருக்காகவே தெரிந்தது.

எவ்வுரிமம் கொடுப்பது? ராக்ஸ்பரோ 1795 முதல் வெளியிட்ட சோழமண்டலக் கரைத் தாவர நூலை அவளுக்குக் காட்டினோம். 300 படங்கள், பதிப்புரிமைக் காலம் முடிந்தமையால் எவரும் பயன்படுத்தலாம். வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். முகப்பில் இருப்பதோ ராக்ஸ்பரோவின் பெயர்.

"அப்படியானால் பெயர் போடச் சொல்லும் உரிமமே இருக்கட்டும், அப்பா" என்றாள். சிறுமியின் முழுப்பெயரை ஊரறிய இடுவானேன் என்று நாம் தயங்க, 'பனங்கொட்டை' எனப் புனைபெயர் சூட்டிக்கொண்டாள். படமும், பிறர் திருத்துவதற்கேற்ற மூலக்கோப்பும் மறுநாளே சென்றுவிட்டன.

சிறுவனின் சிற்றூரில் கிணற்றடி இன்னும் வெறுமையாய் இருக்கிறது. முருங்கை வரைய வல்ல பிள்ளைகள் உங்கள் இல்லத்தில் இருப்பின், மரத்தைப் பார்த்தே வரைந்து அடுத்த திங்களுக்குள் சங்கத்துக்கு அனுப்புக.