கட்டாத ஒட்டகமும் தூங்காத றைவரும்



பெருநாளுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். எங்கள் குடும்ப வட்ஸ்அப் குரூப்பில் நுவரெலியா ட்ரிப்புக்கான மஷூரா நேற்று தராவீஹ் முடிந்து தொடங்கி சஹர் வரைக்கும் ஓடியது. மொத்தம் 143 மெசேஜ். உட்கார்ந்து எண்ணினேன், வாத்தியார் புத்தி போகுமா? எல்லாரும் ஒரே நிறத்தில் டீ சேர்ட் அடிப்பது, அதில் குடும்பப் பெயரை நெஞ்சில் போடுவதா முதுகில் போடுவதா என்பதற்கு மட்டும் 31. புரியாணிச் சட்டியை வேனுக்குள் எங்கே வைப்பது என்பதற்கு 12. வேனில் நல்ல செட் இருக்கிறதா, கலர் லைட் இருக்கிறதா என்பதற்கு 9. டயரைப் பற்றி ஒன்றுமில்லை. பிரேக்கைப் பற்றி ஒன்றுமில்லை. றைவரைப் பற்றி ஒரேயொரு மெசேஜ்: "நல்ல பொடியன். எவ்வளவு தூரம் எண்டாலும் தூங்காம ஓடுவான்."

அதற்கு ஆறு பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள்.

"தூங்காம ஓடுவான்" என்பது நம்மூரில் பாராட்டு. வேறு எந்தத் தொழில் செய்கிறவரை இப்படிப் பாராட்டுவோம்? மூன்று நாளாகத் தூங்காத டொக்டர் ஒப்பரேஷன் செய்யப் போகிறார் என்றால் உம்மாவை அவரிடம் கொண்டுபோய்ப் படுக்க வைப்போமா? ஆனால் உம்மா, மனைவி, பிள்ளைகள், ராத்தாவின் பிள்ளைகள் என்று மொத்தக் குடும்பத்தையும் ஏற்றி, இரவு பத்து மணிக்குத் தூங்காத ஒருவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நாம் தூங்குகிறோம்.

மற்றவர்களைக் குறை சொல்லிவிட்டுத் தப்பிக்க எனக்கு வழியில்லை. போன வருஷம் இதே பிழையைச் செய்தவன் நான்.

வேன் பேசியது நான். றைவர் என்னிடம் சாதாரண தரம் வரை படித்த பொடியன். கேட்ட காசில் மூவாயிரம் ரூபா குறைத்தேன். "சேருக்காக" என்று ஒத்துக்கொண்டான். இரவு பத்து மணிக்கு வெளிக்கிட்டோம். செங்கலடி, மகாஓயா, பிபிலை, லுணுகலை, பசறை, பதுளை, வெலிமடை. விடியும்போது நுவரெலியா. பகல் முழுக்க ஹக்கலைப் பூங்கா, விக்டோரியா பூங்கா, கிரகரி வாவி. அவன் வேனுக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு இரண்டு மணித்தியாலம் படுத்திருப்பான். அதிலும் நம் பிள்ளைகள் நாலு தடவை போய்க் கதவைத் திறந்து ஜெக்கட், தொப்பி, பிஸ்கட் என்று எடுத்தார்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டோம். ரூமுக்குக் கொடுக்கிற காசு மிச்சமாம்.

பிபிலை தாண்டி மகாஓயாப் பக்கம் வரும்போது மணி இரண்டு. எல்லாரும் தூக்கம். உம்மா மட்டும் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டு விழித்திருந்தா. மலை வளைவெல்லாம் முடிந்து நேர் ரோட்டுக்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதியில் நானும் கண்ணயர்ந்துவிட்டேன். டயர் கிறவலில் ஏறிய சத்தமும் உம்மா "யா அல்லாஹ்" என்று கத்திய சத்தமும் ஒன்றாகக் கேட்டன. வேன் ஒரு மதகின் சுவருக்கு மூன்று முழம் முன்னால் நின்றது.

பொடியன் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டு அழுகிறான்.

"சேர், மூணு நாளா கட்டில்ல படுக்கல்ல சேர். பெருநாள் இரவு கொழும்பு ஹயர். அடுத்த நாள் கண்டி. வந்து உடுப்ப மாத்திட்டு உங்கட ஹயருக்கு வந்தன்."

"ஏன் மகன் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லயே சேர்."

உண்மைதான். நான் கேட்டது மூன்று கேள்வி. எவ்வளவு? ஏசி வேலை செய்யுமா? செட் இருக்கா?

பத்தாம் வகுப்புக்கு வேகம், தூரம் படிப்பிக்கிறவன் நான். மணிக்கு 60 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 17 மீற்றர். நாலு செக்கன் கண் மூடினால் 67 மீற்றர் போய்விடும். நூறு மீற்றர் ஓட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தை, பதினைந்து உயிரை ஏற்றிக்கொண்டு, கண்ணை மூடியபடி. இதற்குப் பிளேன்டீ மருந்தில்லை, எனர்ஜி டிரிங்க் மருந்தில்லை, முகத்தில் தண்ணீர் அடிப்பதும் மருந்தில்லை. அதெல்லாம் தூக்கத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிப் போடும், அவ்வளவுதான். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

இப்போது, "றைவர் பேராசை பிடித்தவன்" என்று சொல்லத் தொடங்காதீர்கள். அவன் ஏன் மூன்று நாள் தூங்கவில்லை? முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பில் லீவு. நோன்பில் யாரும் டூர் போக மாட்டோம். பெருநாள் கழிந்து பள்ளிக்கூடம் தொடங்க மிஞ்சுகிற நாலைந்து நாளுக்குள் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் மலைக்குக் கிளம்புகிறோம். இருக்கிற வேனோ கொஞ்சம். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் பழைய வேன்கள்தான் பெயின்ட் அடித்து, சீட் கவர் மாற்றி ஓடின. இன்றும் அவைதான் ஓடுகின்றன. றைவருக்கு மாதா மாதம் லீசிங் கட்ட வேண்டும், நோன்பு மாதம் முழுக்க ஹயர் இல்லை. அந்த நாலு நாளில் உழைத்தால்தான் உண்டு. அப்படிப்பட்டவனிடம் போய் மூவாயிரம் குறைக்கிறோம். குறைத்த மூவாயிரத்தை அவன் எங்கே தேடுவான்? தூக்கத்திலும் டயரிலும்தான்.

இனி இறக்கத்துக்கு வருகிறேன். எங்கள் சமவெளி றைவர்களில் கன பேருக்கு விளங்காத இடம் இதுதான். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரம். ஆளும் சாமானும் ஏற்றிய வேன் ஏறத்தாழ மூன்று தொன். அந்த மூன்று தொன்னை அவ்வளவு உயரத்திலிருந்து ஊருக்கு இறக்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஐந்து கோடி ஜூலுக்கு மேல். 180 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். கந்தூரிக் கிடாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கியரைக் குறைத்து இறக்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் பிடித்துக்கொள்ளும். "டீசல் மிச்சம்" என்று நியூட்ரலில் விட்டு இறக்கினால் அவ்வளவும் பிரேக்கின் தலையில். பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் சாமான். வருஷக் கணக்கில் மாற்றாத ஒயிலில் தண்ணீர் சேர்ந்திருக்கும். சூடேறினால் அது கொதித்து உள்ளே ஆவி நிற்கும். பிறகு பெடலை மிதித்தால் பஞ்சில் கால் வைத்த மாதிரி உள்ளே போகும், வேன் நிற்காது. "திடீரென்று பிரேக் போச்சு" என்கிறோமே, அது திடீரென்று போவதில்லை. கராஜ் பாஸ் "ஒயில் மாத்துவமா?" என்று கேட்டபோது "பெருநாளுக்குப் பிறகு பாப்பம்" என்று சொன்ன அன்றைக்கே போய்விட்டது.

ஆட்டோ கியர் வேன் என்றாலும் இதே கதைதான். அந்த லீவரில் 'டி' தவிர மற்ற எழுத்துகளும் இலக்கங்களும் அழகுக்குப் போட்டவை அல்ல.

நாம் போகிற ரோட்டில் நடந்தவற்றை மறந்துவிட்டோமா? 2021 மார்ச் 20, பசறை 13ஆம் கட்டை. பஸ் பள்ளத்தில் விழுந்து 14 பேர். நாம் வருஷா வருஷம் "வியூ நல்லா இருக்கு" என்று இறங்கிப் படம் எடுக்கிற அதே பாதை. 2023 ஜனவரி 20, நானுஓயா ரதெல்ல. வேனிலும் ஓட்டோவிலும் போனவர்கள் ஏழு பேர். 2025 மே 11 விடியற்காலை, றம்பொடை கெரண்டி எல்ல. 20க்கும் மேல். அதே வருஷம் செப்டெம்பர் 4 இரவு, எல்ல - வெல்லவாய வீதி. ஒன்றாக வேலை செய்தவர்கள் சேர்ந்து சந்தோசமாக டூர் போய்த் திரும்பிய பஸ், 15 பேர். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேட்டஸில் கறுப்பு நிறம் போட்டோம். அடுத்த கிழமை நம் வேன் டயரை ஒரு தடவை குனிந்து பார்த்தோமா?

"ஹயாத்து முடிஞ்சா எங்க இருந்தாலும் மௌத்துத்தான், எல்லாம் கத்ர்" என்று ஒருவர் கட்டாயம் கொமண்டில் வருவார். வாங்க, அதையும் பேசுவோம். கத்ரை நானும் நம்புகிறேன். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன ஹதீஸை மிம்பரில் கேட்காதவர் நம்மில் யார்? நீங்கள் வீட்டுக்குப் பூட்டுப் போடுகிறீர்கள், கடைக்கு சிசிடிவி போடுகிறீர்கள், மகளின் நகையை பேங்க் லொக்கரில் வைக்கிறீர்கள். அப்போதெல்லாம் கத்ர் எங்கே போனது? காசுக்குப் பூட்டு, உயிருக்கு கத்ரா? ஜனாஸா வீட்டில் உம்மா வாப்பாவுக்கு ஆறுதல் சொல்ல அது சரியான வார்த்தை. டயர் வாங்காமல் இருப்பதற்குக் காரணமாகச் சொன்னால் அது பொறுப்பற்ற தனம். வேன் புறப்படும்போது ஒரு பிள்ளை பயணத் துஆவைச் சத்தமாக ஓதும், நாமெல்லாம் ஆமீன் சொல்வோம். அந்தப் பிள்ளையை முழங்கால் இடித்துக்கொண்டு நிற்கவைத்துத்தான் ஓதவிடுகிறோம். ஏனென்றால் 14 சீட் வேனில் 19 பேர்.

கைக்குழந்தையை முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறீர்களே, அதற்கும் ஒரு கணக்கு. பத்துக் கிலோ பிள்ளை, 50 கிலோமீற்றர் வேகம், மோதி பத்தில் ஒரு செக்கனில் வேன் நிற்கிறது. அந்தப் பிள்ளையைப் பிடித்து வைக்க உங்கள் கைக்கு வேண்டிய பலம் ஏறத்தாழ 140 கிலோவைத் தூக்குகிற பலம். எந்த உம்மாவின் பாசத்துக்கும் அந்தப் பலம் கிடையாது. முன் சீட்டுக்கு பெல்ட் 2011 முதல் சட்டம். பின் சீட்டு பெல்டைத் தேடிப் பாருங்கள், புதிதாகப் போட்ட சீட் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். வெளியே இழுத்து எடுங்கள். பொலிஸ்காரருக்குப் பயந்து செக்பொயின்ட் வரை மட்டும் போடுவதற்கு அது தொப்பி இல்லை.

ஆக, வேன் பேசும்போதே கேளுங்கள்: பெருநாள் இரவிலிருந்து உனக்கு எந்தெந்த ஹயர்? பதிலில் ஓர் இரவாவது வீட்டில் படுக்கிற நாள் இல்லையென்றால் உங்கள் திகதியை மாற்றுங்கள், இல்லை இன்னொரு றைவரையும் சேர்த்துக் காசு கொடுங்கள். ஒரு நாள் முன்னதாக வேனைப் பகல் வெளிச்சத்தில் போய்ப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருஷம் 23ஆம் கிழமை செய்தது. பட்டன் நன்றாக இருந்தாலும் ஓரத்தில் வெடிப்பு விட்டிருந்தால் அது கிழட்டு டயர். மலைக்கு வேண்டாம். ஸ்பெயார் வீலில் காற்று இருக்கிறதா, ஜக் இருக்கிறதா, வைப்பர் வேலை செய்கிறதா? வெலிமடை தாண்டினால் பனிமூட்டம், அங்கே போய் வைப்பர் ரப்பர் தேட முடியாது. மழை நாள் என்றால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டு வெளிக்கிடுங்கள். டித்வாவில் மலைநாட்டு ரோட்டுகள் பட்ட பாட்டை 2025 நவம்பரில் பார்த்தோம்.

இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம். யானை ஒரு பக்கம், தூக்கம் மறுபக்கம். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் மத்தியானத்துக்கு மேல் போய்ச் சேரலாம். பெண்களுக்கு வழியில் தொழவும் ஒதுங்கவும் எங்கே இடமிருக்கிறது என்று முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டு வைக்கலாம். நம் ட்ரிப்களில் அதையும் யாரும் கேட்பதில்லை, பெண்கள் தண்ணீர் குடிக்காமலேயே பயணம் செய்கிறார்கள். அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.

றைவருக்கு ரூமில் கட்டில் போடுங்கள். நாம் கட்டிலில் படுக்க, மலைக் குளிரில் வேனுக்குள் சுருண்டு கிடக்கிறவனும் ஓர் உம்மா பெற்ற பிள்ளைதான். வேண்டுமென்றால் அந்த டீ சேர்ட் காசை எடுங்கள்.

இதையெல்லாம் காலையில் குடும்பக் குரூப்பில் போட்டேன். சுபஹ் வெளிக்கிடுதல், ஓரிரவு தங்குதல், றைவருக்குக் கட்டில், ஆளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கூட. சாச்சாட மகன் "சேர் இப்ப எல்லாத்துக்கும் பயம்" என்று எழுதிவிட்டுக் குரூப்பை விட்டு வெளியேறிவிட்டார், அவருடைய ஆட்களும் கூடவே. 17 பேராக இருந்தோம், இப்போது 12. உம்மா வருகிறா. வேனில் இடம் தாராளம்.