பாய்லரை மறந்த மின்சேமிப்பு

ஆற்றல் சேமிப்பு என்றதும் நம் திட்ட வகுப்பாளர்களுக்கு இரண்டுதான் நினைவுக்கு வருகின்றன: லித்தியம் பேட்டரி, கடம்பாறை போன்ற நீரேற்று மின்நிலையம். இரண்டும் தேவைதான். ஆனால், இரண்டுமே மின்சாரத்தை வாங்கி மின்சாரமாகவே திருப்பித் தருபவை. உலகின் இறுதி ஆற்றல் பயன்பாட்டில் மின்சாரத்தின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. வெப்பமாகச் செலவாவதோ ஏறத்தாழ பாதி.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடு அவை மீண்டும் இயங்கின. சுத்திகரிப்பில் எஞ்சும் உப்புக் கரைசலை ஆவியாக்கி உப்பைப் பிரிக்க நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர் எரிய வேண்டும். ஆற்றைக் காத்த ஏற்பாட்டின் செலவில் ஒரு பங்கு புகைபோக்கி வழியாகப் போகிறது. இந்தக் கணக்கு அதிகம் பேசப்படுவதில்லை.

பருத்தித் துணிக்குச் சாயமேற்றப் பெரும்பாலும் 60 டிகிரி வெந்நீர் போதும். அதற்கா பாய்லரில் இவ்வளவு விறகு? ஏசி இயந்திரம் அறையின் சூட்டை வெளியே தள்ளுவதுபோல, ஹீட் பம்ப் வெளியிலுள்ள சூட்டைத் தண்ணீருக்குள் ஏற்றுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. ஒரு கிலோ விறகு, பாய்லர் இழப்பு போகத் தருவதும் கிட்டத்தட்ட அவ்வளவே. மதியம் சூடாக்கிய நீரை வெப்பம் கசியாத தொட்டியில் வைத்தால் இரவு ஷிஃப்டுக்கு ஆகும்.

நீராவிக்கு இது போதாது. மின்சாரத்தால் சூடாக்கிய மணலோ செங்கல்லோ வேண்டும். பின்லாந்தின் கங்கான்பா ஊரில் 2022 முதல் மணலைச் சுமார் 500 டிகிரிக்குச் சூடாக்கி, அந்த வெப்பத்தைக் கட்டடங்களுக்கு அனுப்புகிறார்கள். ஒரு டன் செங்கல்லை 800 டிகிரி சூடேற்றினால் ஏறத்தாழ 220 யூனிட் வெப்பம் அதில் தங்கும். அரிய உலோகம் எதுவும் தேவையில்லை.

சிக்கல் வேறிடத்தில். நிலக்கரி மின்சாரம் யூனிட்டுக்கு ஒரு கிலோவை ஒட்டிய கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதைக் கொண்டு செங்கல்லைச் சூடேற்றினால், நிலக்கரியை நேரே பாய்லரில் போடுவதைவிட இரண்டு மடங்கு கேடு. ஆகவே, உச்சி வெயிலிலும், காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் அளவுக்குக் காற்று வீசும் நேரங்களிலும் மட்டுமே வெப்பம் ஏற்ற வேண்டும்.

அந்த நேரத்து விலை அதற்கேற்ப இருக்கிறதா? 2020 இறுதியில் குஜராத் ஏலத்தில் சூரிய மின்சாரம் யூனிட் 1.99 ரூபாய்க்கு இறங்கியது. தமிழகத்தின் உயரழுத்தத் தொழிற்சாலைக் கட்டணமோ 7 ரூபாய்க்கு மேல். சூரிய ஒளி நேரத்துக் கட்டணம் வழக்கமானதைவிடக் குறைந்தது 20 சதவீதம் குறைவாக இருக்க வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2023 விதிகள். ஹீட் பம்புக்கு அது ஓரளவு கைகொடுக்கலாம். செங்கல்லுக்குப் போதாது, அங்கே மூன்று யூனிட் வாங்கினால்தான் ஒரு கிலோ விறகுக்கு ஈடாகும்.

தொழிற்சாலைகள் தரும் கட்டணத்தில்தான் மற்றவர்களின் சலுகை ஓடுகிறது என்று மின்வாரியம் தயங்கும். நியாயம்தான். ஆனால், இந்த வெப்பத்துக்கான பணம் இன்று வாரியத்துக்கு வருவதில்லை, விறகு வியாபாரிக்குப் போகிறது. தனி மீட்டர், குறைந்த விலை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தும் உரிமை வாரியத்திடம் என்று விற்றால் பழைய வருமானம் குறையாது. முதலில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தொடங்கலாம்: அங்கே நீராவித் தேவை ஓய்வதில்லை, முதலீட்டையும் பல பட்டறைகள் பகிர்ந்துகொள்ளும்.